210,665: ஓர் எண்ணை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் படிக்கும் முறை

சிங்கப்பூரிலுள்ள தேக்கா நிலையச் சந்தையின் அஞ்சல் குறியீடு 210665. சிங்கப்பூரில் 1995-இல் ஆறு இலக்கக் குறியீடு வந்தபோது முதல் இரண்டு இலக்கங்களை அஞ்சல் வட்டாரத்துக்கும் மீதி நான்கைக் கட்டடத்துக்கும் ஒதுக்கினார்கள். தேக்காவுக்கு வட்டாரம் 21, கட்டடம் 0665. பஃபலோ சாலை 665 என்ற முகவரி குறியீட்டுக்குள்ளேயே இருக்கிறது.

காய்கறி வாங்கப் போகும் இடத்தின் குறியீடு என்பதை ஒரு நிமிடம் மறந்துவிட்டு இதை வெறும் முழு எண்ணாகப் பாருங்கள்: இரண்டு லட்சத்துப் பத்தாயிரத்து அறுநூற்று அறுபத்தைந்து. தாளும் பேனாவும் போதும், இதன் முக்கியமான பண்புகள் எல்லாவற்றையும் கண்டுபிடித்துவிடலாம். உயர்நிலை 1-இல் பகாக் காரணிப்படுத்தல் படித்த மாணவர் முதல் ஐந்து படிகளை உதவியில்லாமல் செய்யலாம். அதற்குப் பிறகு கொஞ்சம் பொறுமை வேண்டும், புதிய கணிதம் அதிகம் வேண்டாம்.

எந்த வரிசையில் கேள்வி கேட்கிறோம் என்பதுதான் இதில் முக்கியம். எடுத்தவுடனே 5-ஆல் வகுப்பதுதான் எல்லாருக்கும் பழக்கம். இந்த எண்ணில் அந்த அவசரம் எவ்வளவு வேலையைக் கூட்டிவிடுகிறது என்பதை மூன்றாம் படியில் பார்ப்போம்.

படி 1: காற்புள்ளியைச் சரியாகப் போடுங்கள்

தமிழ்நாட்டு வழக்கில் இது 2,10,665. சிங்கப்பூர்ப் பள்ளி வழக்கில் 210,665. லட்சத்தில் பேசி மூன்று மூன்றாக எழுதுவது இங்குள்ள தமிழ்க் குடும்பங்களில் சாதாரணம். பேச்சுக்கு லட்சமே இருக்கட்டும். ஆனால் காரணி தேடும்போது மூன்று இலக்கக் கட்டுதான் உதவும். பழந்தமிழ் எண்களில் எழுதினால் ௨௱௰௲௬௱௬௰௫, அதாவது இருநூற்றுப் பத்து ஆயிரம், அறுநூற்று அறுபத்தைந்து. ஆயிரத்தில் வெட்டும் அந்தப் பழைய முறையும் 210 | 665 என்றே பிரிக்கிறது.

எக்செல் போன்ற விரிதாளில் குறியீட்டைத் தட்டுபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயிலின் 058793 போல் சுழியத்தில் தொடங்கும் குறியீட்டை விரிதாள் எண்ணாக எடுத்துக்கொண்டு 58793 ஆக்கிவிடும். கணக்குக்கு அதனால் தீங்கில்லை, இரண்டின் மதிப்பும் ஒன்றுதான். முகவரிப் பட்டியலில் அது தவறு. அங்கே அந்தக் கட்டத்தை முதலிலேயே எழுத்து வகையாக மாற்றிவிடுங்கள்.

படி 2: இலக்கங்களைக் கூட்டுங்கள், கூட்டிக் கழியுங்கள்

2+1+0+6+6+5 = 20. 9-ஆல் வகுத்தால் மீதி 2, 3-ஆல் வகுத்தாலும் மீதி 2. எனவே 3, 9 இரண்டும் காரணி அல்ல.

வலமிருந்து மாற்றி மாற்றிக் கூட்டிக் கழித்தால் 5−6+6−0+1−2 = 4. 11-ஆல் வகுத்தால் மீதி 4. 11-உம் காரணி அல்ல.

இந்த 2, 4 என்ற இரண்டு மீதிகளையும் தாளின் ஓரத்தில் எழுதி வையுங்கள், பின்னால் விடையைச் சரிபார்க்கத் தேவைப்படும். 9-இன் சோதனை மட்டும் போதாது. இரண்டு இலக்கங்களை இடம் மாற்றி 210656 என்று எழுதிவிட்டால் கூட்டுத்தொகை மாறாது, 9-இன் மீதி தவறைக் காட்டிக்கொடுக்காது. 11-இன் மீதி 6 ஆகிவிடும், உடனே தெரிந்துவிடும். அவசரத்தில் அடுத்தடுத்த இலக்கங்கள் இடம் மாறுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு என்பதால் 11-இன் சோதனையை விட்டுவிடாதீர்கள்.

படி 3: வகுப்பதற்கு முன் இரண்டு கேள்விகள்

முதல் கேள்வி ஆயிரத்தொன்றைப் பற்றியது. 1001 = 7 × 11 × 13. நம் எண்ணை இப்படி எழுதலாம்:

210,665 = 210 × 1000 + 665 = 210 × 1001 + (665 − 210) = 210 × 1001 + 455

210 × 1001 என்ற பகுதி 7, 11, 13 மூன்றாலும் வகுபடும். ஆகவே முழு எண் வகுபடுமா என்பதை 455 சொல்லிவிடும். 455 = 5 × 7 × 13. ஆக 7-உம் 13-உம் காரணிகள், 11 அல்ல. ஆறு இலக்க எண்ணை மூன்று தடவை நீள்வகுத்தல் செய்ய வேண்டிய இடத்தில் ஒரே கழித்தலில் வேலை முடிந்தது. கழித்தலில் சுழியத்துக்குக் கீழான எண் வந்தாலும் பரவாயில்லை, குறியை விட்டுவிட்டு வகுபடுகிறதா என்று மட்டும் பாருங்கள். மீதி எவ்வளவு என்று வேண்டுமானால்தான் குறி முக்கியம்.

இரண்டாவது கேள்வி பிரெஞ்சுக் கணித அறிஞர் ஃபெர்மாவுடையது: இந்த எண்ணுக்குச் சற்று மேலே உள்ள வர்க்கத்திலிருந்து எண்ணைக் கழித்தால் இன்னொரு வர்க்கம் கிடைக்கிறதா? 458² = 209,764, இது எண்ணைவிடச் சிறியது. 459² = 210,681. கழியுங்கள்:

210,681 − 210,665 = 16 = 4²

ஆகவே 210,665 = 459² − 4² = (459 − 4)(459 + 4) = 455 × 463.

முதல் முயற்சியிலேயே கிடைத்துவிட்டது. எண்ணின் வர்க்கமூலத்துக்கு இருபுறமும் ஒட்டியபடி, எட்டே எட்டு வித்தியாசத்தில் இரண்டு காரணிகள் உட்கார்ந்திருக்கின்றன. இப்படி அமைவது அரிது. 2,027,651,281 என்ற எண்ணை இதே முறையில் 44,021 × 46,061 என்று பிரித்துக் காட்டிய ஃபெர்மாவுக்கே 45,030-இல் தொடங்கி 45,041 வரை பன்னிரண்டு முயற்சிகள் தேவைப்பட்டன.

இப்போது அந்த அவசரத்தைப் பார்ப்போம். கடைசி இலக்கம் 5 என்றதும் 5-ஆல் வகுத்தால் 42,133 கிடைக்கும். அந்த 42,133-இல் ஃபெர்மாவின் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். 206²-இல் தொடங்க வேண்டும், மிச்சம் 303, வர்க்கம் அல்ல. 207, 208 என்று ஏறிக்கொண்டே போய் 277²-இல்தான் விடை: 277² − 186² = 42,133 = 91 × 463. 206 முதல் 277 வரை எழுபத்திரண்டு முயற்சிகள். 5-ஐப் பிரித்ததில் தவறு ஒன்றுமில்லை. பிரித்ததும் 455 என்ற காரணி 91 ஆகச் சுருங்கி, 463-ஐ விட்டு வெகுதூரம் போய்விட்டது. இந்த முறைக்குக் காரணிகள் அருகருகே இருந்தால்தான் வேகம்.

எனவே ஒற்றைப்படை எண் எதுவானாலும் முதலில் இரண்டு மூன்று முறை ஃபெர்மாவின் கேள்வியைக் கேட்டுவிட்டு, பலிக்காவிட்டால் சிறு பகா எண்களுக்கு வாருங்கள். இரட்டைப்படை எண்ணில் முதலில் 2-களை எல்லாம் எடுத்துவிட வேண்டும். 4-ஆல் வகுத்து மீதி 2 வரும் எண்ணை இரு வர்க்கங்களின் வித்தியாசமாக எழுதவே முடியாது, அங்கே இந்தத் தேடல் முடிவில்லாமல் போகும்.

படி 4: காரணிகள் பகா எண்கள்தானா?

455 = 5 × 7 × 13, இதில் சந்தேகமில்லை. 463-ஐச் சோதிக்க வேண்டும். அதன் வர்க்கமூலம் 21.5 என்பதால் 19 வரை பார்த்தால் போதும். 2, 3, 5 ஆகாது. 7 × 66 = 462, மீதி 1. 11 × 42 = 462, மீதி 1. 13 × 35 = 455, மீதி 8. 17 × 27 = 459, மீதி 4. 19 × 24 = 456, மீதி 7. ஆக 463 பகா எண்.

210,665 = 5 × 7 × 13 × 463

மாணவர்கள் இங்கே சறுக்குவது இரண்டு இடங்களில். முதலாவது, 210,665-இன் வர்க்கமூலம் 458.98 என்று குறித்துக்கொண்டு, 463 அதைவிடப் பெரியது என்பதால் அது காரணியாக முடியாது என்று விட்டுவிடுவது. வர்க்கமூலம் வரை தேடுவது வகுப்பதற்கான எல்லை மட்டுமே. சிறிய காரணிகளை எடுத்த பிறகு எஞ்சுவது அந்த எல்லையைத் தாண்டிய ஒரு பகா எண்ணாக இருக்கலாம், அதையும் எழுத வேண்டும். இரண்டாவது, 5, 7, 13 எடுத்த பிறகும் 458 வரை எல்லாப் பகா எண்களாலும் வகுத்துக்கொண்டே போவது. ஒவ்வொரு காரணியை எடுத்ததும் எஞ்சிய எண்ணின் வர்க்கமூலம்தான் புதிய எல்லை.

ஓரத்தில் எழுதிய மீதிகளால் சரிபாருங்கள். 455-இன் 9-மீதி 5, 463-இன் 9-மீதி 4; 5 × 4 = 20, மீதி 2. 11-இல் 455-க்கு 4, 463-க்கு 1, பெருக்கினால் 4. இரண்டும் பொருந்துகின்றன.

படி 5: காரணிப்படுத்தலிலிருந்து தானே விழும் விடைகள்

நான்கு பகாக் காரணிகளும் ஒவ்வொரு முறைதான் வருகின்றன. ஒரு காரணியைக் கட்டும்போது ஒவ்வொரு பகா எண்ணையும் எடுக்கலாம் அல்லது விடலாம். எனவே காரணிகளின் எண்ணிக்கை 2 × 2 × 2 × 2 = 16. 455-இன் காரணிகள் 1, 5, 7, 13, 35, 65, 91, 455. இவற்றை 463-ஆல் பெருக்கினால் மறுபாதி: 463, 2,315, 3,241, 6,019, 16,205, 30,095, 42,133, 210,665. 35-ஐ மட்டும் கொஞ்சம் நின்று பாருங்கள். 210 = 35 × 6, 665 = 35 × 19. கட்டின் இரண்டு பாதியும் 35-ஆல் வகுபடுவதால் 6, 019 இரண்டையும் ஒட்டவைத்தால் 6,019 கிடைக்கிறது. அதிலும் 19 − 6 = 13, ஆகவே படி 3-இன் சோதனைப்படி 6,019 என்பது 13-ஆல் வகுபடும்!

எல்லாக் காரணிகளின் கூட்டுத்தொகை (1+5)(1+7)(1+13)(1+463) = 6 × 8 × 14 × 464 = 311,808. எண்ணையே கழித்தால் 101,143. இது 210,665-ஐவிடக் குறைவு, ஆகவே 210,665 ஒரு குறை எண்.

1 முதல் 210,665 வரை, இந்த எண்ணோடு 1-ஐத் தவிரப் பொதுக் காரணி இல்லாத எண்கள் எத்தனை? கணித அறிஞர் ஆய்லரின் சூத்திரப்படி, ஒவ்வொரு பகாக் காரணியிலும் ஒன்றைக் குறைத்துப் பெருக்கினால் 4 × 6 × 12 × 462 = 133,056. ஏறக்குறைய 63 விழுக்காடு.

படி 6: வர்க்கங்கள்

இரு வர்க்கங்களின் கூட்டாக எழுத முடியாது. 4-ஆல் வகுத்து மீதி 3 தரும் பகா எண்கள் எல்லாம் இரட்டைப்படைத் தடவை வந்தால்தான் அது முடியும். இங்கே 7-உம் 463-உம் அப்படிப்பட்டவை, ஒவ்வொன்றும் ஒரே ஒரு முறை வருகிறது. 4-ஆல் வகுத்தால் மீதி 1 வருவதைப் பார்த்து முடியும் என்று சொல்லிவிடக் கூடாது. 3 × 3 = 9 என்பதால் மீதி 3 தரும் இரண்டு காரணிகள் சேர்ந்து மீதி 1 ஆகிவிட்டன. முழு எண்ணின் மீதி காரணிகளை மறைத்துவிடும்.

மூன்று வர்க்கங்களாக எழுதலாம். 8-ஆல் வகுத்து மீதி 7 வரும் எண்களுக்கும் அவற்றை 4, 16, 64 என்று 4-இன் அடுக்குகளால் பெருக்கிய எண்களுக்கும் மட்டும்தான் அது முடியாது. நம் எண்ணுக்கு மீதி 1. தேடும் வழி எளிது: மிகப் பெரிய வர்க்கத்தைக் கழித்துவிட்டு எஞ்சியதைப் பாருங்கள். 210,665 − 458² = 901. அது 30² + 1². அதே 901-ஐ 26² + 15² என்றும் எழுதலாம். ஆக 458² + 30² + 1², 458² + 26² + 15² என்று இரண்டு வழிகள் உடனே கையில்.

இரு வர்க்கங்களின் வித்தியாசமாக எழுத எட்டு வழிகள், காரணி ஜோடிக்கு ஒன்று. 459² − 4² அதில் மிகச் சிறியது. 91 × 2,315 என்ற ஜோடி 1,203² − 1,112² தருகிறது. ஜோடியின் சராசரி முதல் எண், வித்தியாசத்தின் பாதி இரண்டாவது.

அடுத்தடுத்த எண்களின் கூட்டாகவும் எழுதலாம்: 105,332 + 105,333. ஐந்து எண்களாக 42,131 முதல் 42,135 வரை, ஏழாக 30,092 முதல் 30,098 வரை. எண்ணைத் தனியாக எழுதுவதை விட்டுவிட்டால், நேர் முழு எண்களால் இப்படி எழுத மொத்தம் 15 வழிகள்.

இருமத்தில் இது 18 இலக்கம்: 110 011 011 011 101 001. மூன்று மூன்றாகப் பிரித்ததால் எண்மத்தில் (8-ஐ அடியாகக் கொண்ட முறையில்) 633351 என்று நேராகப் படிக்கலாம். இருமத்தில் 1-கள் பதினொன்று.

படி 7: 1 ÷ 210,665

இதுதான் இந்த எண்ணில் மிக ருசியான பகுதி. 1 ÷ 210,665 = 0.00000474687… எத்தனை இலக்கத்துக்குப் பிறகு இது திரும்ப வரும்? கைப்பேசிக் கணிப்பான் பத்துப் பன்னிரண்டு இலக்கத்தோடு நிறுத்திவிடும், அதை நம்பி இதைக் கண்டுபிடிக்க முடியாது. மீதிகளால்தான் போக வேண்டும்.

5 என்ற காரணி ஒரு முறை வருவதால் புள்ளிக்குப் பின் முதல் இலக்கம் மட்டும் சுழலில், அதாவது திரும்பத் திரும்ப வரும் இலக்கத் தொடரில், சேராது. சுழலின் நீளத்தை 7, 13, 463 மூன்றும் தீர்மானிக்கின்றன. 10-இன் எந்த அடுக்கை வகுத்தால் முதல் முறையாக மீதி 1 வருகிறது என்பது கேள்வி. 7-க்கு 6, 13-க்கும் 6. 463-க்குக் கணக்குப் போட வேண்டும். ஒவ்வொரு படியிலும் 463-இன் மடங்கை உடனுக்குடன் கழித்துக்கொண்டே போங்கள்:

10³ → 74
10⁴ → 277
10⁶ → 74 × 74 = 5,476 → 383
10⁷ → 126
10¹¹ → 126 × 277 = 34,902 → 177
10²² → 177 × 177 = 31,329 → 308
10³³ → 308 × 177 = 54,516 → 345
10⁶⁶ → 345 × 345 = 119,025 → 34
10⁷⁷ → 34 × 177 = 6,018 → 462

462 என்பது 463-இல் ஒன்று குறைவு, அதாவது −1. வர்க்கப்படுத்தினால் 1. ஆகவே 10¹⁵⁴ → 1. 154 = 2 × 7 × 11. அதற்கு முன்பே 1 வந்திருக்குமா என்று பார்க்க 77, 22, 14 மூன்றையும் சோதித்தால் போதும்: மீதிகள் 462, 308, 134. எதுவும் 1 அல்ல. 463-க்குச் சுழல் நீளம் 154.

6-க்கும் 154-க்கும் மீச்சிறு பொது மடங்கு 462. எனவே புள்ளிக்குப் பின் ஓர் இலக்கம், அதன்பின் 462 இலக்கங்கள் கொண்ட சுழல். 462 என்பது 463 − 1 ஆகவும் இருப்பதால், 463 தன் முழு நீளச் சுழலைக் கொடுக்கிறது என்று முடிவுகட்டிவிடுவார்கள். அது தவறு. 463 கொடுப்பது 154 மட்டுமே, மூன்று மடங்காக்குவது 7-உம் 13-உம் கொண்டுவரும் 6.

இதே போல 4, 6, 12, 462 ஆகியவற்றின் மீச்சிறு பொது மடங்கு 924. 210,665-உடன் பொதுக் காரணி இல்லாத எந்த எண்ணையும் 924-ஆம் அடுக்குக்கு உயர்த்தி 210,665-ஆல் வகுத்தால் மீதி 1. ஆய்லரின் 133,056-உம் இதே விடையைத் தரும், ஆனால் 924 அதைவிட 144 மடங்கு சிறியது.

வேறு ஓர் எண்ணில் செய்யும்போது

விக்டோரியா ஸ்திரீட்டிலுள்ள தேசிய நூலகக் கட்டடத்தின் 188064 முற்றிலும் வேறு குணம் கொண்டது. 64 − 188 = −124, ஆகவே 7, 11, 13 எதுவும் காரணி அல்ல. இலக்கக் கூட்டு 27 என்பதால் 9 காரணி. 2-ஐ ஐந்து முறை எடுக்கலாம். முடிவில் 188,064 = 2⁵ × 3² × 653.

இங்கே அடுக்குகள் வருவதால் படி 5-ஐ அப்படியே பின்பற்றினால் தவறிவிடும். காரணிகளின் எண்ணிக்கை 2 × 2 × 2 அல்ல, ஒவ்வோர் அடுக்கோடும் ஒன்றைக் கூட்டிப் பெருக்க வேண்டும்: 6 × 3 × 2 = 36. கூட்டுத்தொகைக்கு (1+2)(1+3) என்று எழுதக் கூடாது. 1+2+4+8+16+32 = 63, 1+3+9 = 13, 1+653 = 654. பெருக்கினால் 535,626. ஆய்லரின் எண்ணிக்கைக்கு 2⁵-இலிருந்து 16, 3²-இலிருந்து 6, 653-இலிருந்து 652: பெருக்கினால் 62,592, அதாவது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. எண்ணைத் தவிர்த்த காரணிகளின் கூட்டு 347,562, எண்ணைவிட அதிகம். நூலகத்தின் எண் மிகை எண், தேக்காவின் எண் குறை எண். இரண்டுக்கும் 1-ஐத் தவிரப் பொதுக் காரணி கிடையாது.